ரயில் இல்லாத ஊரின் ஸ்டேசன் மாஸ்டர்

மூடியைத்தான் முதலில் பார்த்தோம்.

விறாந்தையில் பாய் விரித்து, அதன் நடுவில் உம்மா அந்தப் பெட்டியை வைத்திருந்தார். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே எங்கள் ஒழுங்கையின், அந்தக் குறுகிய தெருவின், பிள்ளைகளுடைய மூக்குகள். தம்பி நஸார் அவசரப்பட்டுக் கை வைக்க, "பொறுடா, பிஸ்மி சொல்லித் திற" என்று உம்மா அவன் கையைத் தட்டிவிட்டார். அவனுக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது இருக்கும். வாப்பா சவூதியில், தம்மாமிலிருந்து அனுப்பிய சாமான் அது. பேருக்குத் தம்பிக்கு அனுப்பியது. ஆனால் பெட்டி திறந்த நிமிசத்திலிருந்து அது என்னுடையதாகிவிட்டது என்பதை அவன் இன்றைக்கும் சொல்லிக் குறைப்படுவான்.

மூடியில் ஒரு நாடே இருந்தது. பின்னால் பனி மூடிய மலை. மலையைக் குடைந்த ஒரு சுரங்கம், அதிலிருந்து வெளியே வரும் சிவப்பு எஞ்சின். அது கடக்கப்போகிற இரும்புப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம், ஓட்டுக்கூரையும் மணிக்கூடும் வைத்த ஒரு ஸ்டேசன். மேடையில் குடை பிடித்த ஒரு பெண், சாமான் தூக்கும் ஓர் ஆள். புல்வெளியில் இரண்டு கறுப்பு வெள்ளை மாடுகள். மரங்களை எண்ணினேன். பதினான்கு.

மூடியைத் தூக்கினோம். உள்ளே நுரைபோல வெள்ளை ரெஜிபோம் அச்சில் சிவப்பு எஞ்சின், அதற்குப் பின்னால் பூட்டுகிற மூன்று வண்டிகள், வளைந்த தண்டவாளத் துண்டுகள், கொஞ்சம் நேர்த் துண்டுகள், கரண்டில் செருகுகிற ஒரு கறுப்புக் கட்டி. அவ்வளவுதான்.

"ஸ்டேசன் எங்க?" என்று கேட்டது நான்தான்.

ஜன்னலுக்கு வெளியே இருந்த மூக்குகள் எல்லாம் கம்பிக்குள் இன்னும் கொஞ்சம் நுழைந்தன. உம்மா ரெஜிபோமைத் தூக்கி அடியில் பார்த்தார். அடியில் ஒன்றும் இல்லை.

கோச்சி காணாத பிள்ளைகள்

எங்கள் ஊர் கல்முனைக்கு ரயில் கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. இருபத்தைந்து வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். ஒவ்வொரு வருடமும் இலங்கைப் படத்தைக் கரும்பலகையில் தொங்கவிட்டு ரயில் பாதையைக் கம்பால் தொட்டுக்கொண்டு வருவேன். மட்டக்களப்பில் கம்பு நின்றதும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "டீச்சர், ஏன் நமக்கு வரல்ல?" கேட்காத வகுப்பு ஒன்றுகூட இருந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பதில் சொன்னேன். எதுவும் எனக்கே திருப்தி தரவில்லை.

எங்கள் வாயில் அது கோச்சி. புகையிரதம் என்பது பரீட்சையில் எழுதுகிற சொல். கோச்சியைப் பார்த்தவர்கள் எங்கள் ஒழுங்கையில் ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான, மரம் விற்கிற மரக்காலைக்காரர், கோச்சிக்கு ஹோர்ன் இல்லை, அது வாயால்தான் கத்தும் என்று எங்களிடம் அடித்துச் சொல்லியிருந்தார். நாங்களும் நம்பினோம்.

நான் உண்மையான கோச்சியில் ஏறியது பல்கலைக்கழகத்துக்குப் போனபோதுதான். ஏறியதும் எனக்கு வந்தது ஏமாற்றம். சீட்டில் எண்ணெய்ப் பிசுக்கு, காலடியில் கச்சான் கடலைக் கோது. பனிமலை எங்கே, குடை பிடித்த அந்தப் பெண் எங்கே என்று என் கண் தேடியது. கண்டிச் சீமையின் அத்தனை அழகும் ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்க, நான் ஒரு பெட்டி மூடியோடு அதை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் புத்தி அப்படி.

நூற்றிப்பத்து

அந்தக் கறுப்புக் கட்டியை நாங்கள் ஒரு நாளும் கரண்டில் செருகவில்லை. காரணம், நூற்றிப்பத்து.

அரபு நாட்டுச் சாமான் வந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த இலக்கம் ஞாபகம் இருக்கும். அங்கே கரண்ட் நூற்றிப்பத்து, நமக்கு இருநூற்று முப்பது. அது தெரியாமல் எங்கள் பக்கத்து வீட்டில் ஜூஸ் அடிக்கிற மெசினைச் செருகினார்கள். தோடம்பழம் அரைபடுவதற்கு முன் மெசின் புகைந்து, வீட்டுக்காரி கிண்ணத்தோடு முற்றத்துக்கு ஓடிவந்தார். அதற்குப் பிறகு ஒழுங்கையில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் சலாம் சொல்வதற்கு முன்னால் "நூத்திப்பத்தா?" என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே எங்கள் கோச்சி டோச் லைட் பற்றரியில் ஓடியது. ரேடியோ திருத்துகிற ஒருவர் எட்டுப் பற்றரியை வரிசையாகக் கட்டி இரண்டு வயர் இழுத்துத் தந்தார். வயரைத் தண்டவாளத்தில் தொட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை.

அந்த வாசனையை எப்படிச் சொல்வது? எஞ்சின் இரண்டு மூன்று சுற்று ஓடியதும் அதன் அடியிலிருந்து ஒரு மணம் கிளம்பும். சூடான எண்ணெய், கொஞ்சம் தூசு, கொஞ்சம் மின்னல். தையல் மெசின் வேகமாக மிதிக்கும்போது வருகிற மணத்துக்குக் கிட்ட வரும். நான் பாயில் கன்னத்தை வைத்துப் படுத்து, எஞ்சின் என் மூக்குக்கு நேரே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தண்டவாளத் துண்டுகளைப் பொருத்துகிற பித்தளைக் கொழுக்கிகள் ஒன்றொன்றாகத் தொலைந்தன. அந்த இடங்களில் உம்மாவின் கொண்டை ஊசிகளை வளைத்துச் செருகினேன். ஒரு நாள் முற்றத்து மணலில் பாதை போட்டோம். கடல் ஊர் மணல் எங்கேதான் போகாது? எஞ்சினின் பல்லுக்குள் போய், அது அரைக்கிற சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. அன்று நான் அழுதேன், தம்பி அழவில்லை.

காவி வந்தவர்

அந்தப் பெட்டியைத் தம்மாமிலிருந்து காவி, அதாவது சுமந்து, வந்தவர் ஆதம்பாவா மாமா. எங்கள் ஒழுங்கையின் கடற்கரைப் பக்கத்துக் கடைசி வீடு. உறவு ஒன்றும் இல்லை, ஒழுங்கை முறையில் மாமா. வாப்பாவும் அவரும் அங்கே ஒரே கொம்பனி, ஒரே அறை. அவருடைய மகள் ஜெஸீமா என் வகுப்பு.

இதெல்லாம் இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளங்காது. அந்தக் காலத்தில் லீவில் வருகிறவரின் சூட்கேஸில் பாதி அவருடையது, பாதி அறையில் இருக்கிற மற்றவர்களுடையது. யாரோ ஒருவரின் மகளுக்குச் சீலை, யாரோ ஒருவரின் உம்மாவுக்குத் தைலம். வந்து இறங்கிய மறுநாள் வீடு வீடாகப் போய்க் கொடுக்க வேண்டும். திரும்பிப் போகும்போது அதே வீடுகள் தொதல் இனிப்பும் கருவாடும் கட்டிக் கொடுக்கும். கூலி இல்லை, கணக்கு இல்லை. நம்பிக்கைதான் முழுச் சுமையும்.

எங்கள் பெட்டியின் ஒட்டு நாடா வெட்டப்பட்டிருந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்கக்காரர் வெட்டிப் பார்த்ததாக ஆதம்பாவா மாமா பெட்டியைத் தரும்போதே சொன்னார். உம்மா அப்போது "ஓம் ஓம், அவங்க அப்பிடித்தான்" என்றார். மூடியைத் திறந்து ஸ்டேசனைக் காணாத பிறகு, அந்த வெட்டு உம்மாவின் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

"அவருக்கும் புள்ளையள் இரிக்கிதானே" என்றார், குசினி அடுப்படியில் தன் தங்கையான சாச்சியிடம். அது போதும்.

நான் அதற்கு மேல் ஒரு படி போனேன். கொப்பியில் ஒரு பக்கம் கிழித்து, மூடியைப் பார்த்துப் பார்த்து, காணாமல் போனவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டேன். ஸ்டேசன் ஒன்று. பாலம் ஒன்று. சுரங்கம் ஒன்று. மாடு இரண்டு. குடை பிடித்த பெண் ஒன்று. மரம் பதினான்கு. அழகான எழுத்தில் எழுதியிருந்தேன். சாச்சி அதை வாசித்துவிட்டு "இந்தப் புள்ள சீஐடிக்குப் போகலாம்" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். அந்தப் பாராட்டு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆதம்பாவா மாமாவிடம் யாரும் கேட்கவில்லை. சாமான் காவி வந்த மனிசனிடம் எப்படிக் கேட்பது? மரியாதை என்ற ஒன்று இருக்கிறதே! ஆகவே மரியாதையாக அவருக்குப் பின்னால் கதைத்தோம்.

கசட்

அப்போது கடிதத்தைவிடக் கசட்தான் பெரிது. வெற்றுக் கசட்டில் வீட்டில் உள்ளவர்கள் வரிசையாகக் கதைத்துப் பதிந்து, தம்மாமுக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடுவோம். உம்மா சலாமோடு தொடங்கி நெல் விளைச்சல் வரை சொல்வார். தம்பி குர்ஆனிலிருந்து ஒரு சூறா ஓதுவான். பிறகு நான்.

அந்த முறை நான் பட்டியலை வாசித்தேன். உம்மா பக்கத்தில் இருந்தார், தடுக்கவில்லை. "வாப்பா, நீங்க அனுப்பின கோச்சி ஓடுது. ஆனா ஸ்டேசன் இல்ல. பாலம் இல்ல. மரம் பதினாலு இல்ல. ஆதம்பாவா மாமா எடுத்திட்டார் எண்டு எல்லாரும் சொல்றாங்க." இப்படித்தான் சொன்னேன். ஒரு சொல் மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

லீவு முடிந்து தம்மாமுக்குப் போகவிருந்தவர் ஆதம்பாவா மாமாதான். உம்மா கசட்டைப் பொலித்தீனில் சுற்றி, தொதல் பார்சலோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தார். அவர் என் தலையைத் தடவி, "வாப்பாட்ட என்ன சொல்ல மகள்?" என்று கேட்டார். "கசட்டில சொல்லிட்டன் மாமா" என்றேன்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அங்கே கசட்டைத் தனியாக இருந்து கேட்கிற பழக்கம் இல்லை. ஊர்க் குரலுக்கு ஏங்கிக் கிடந்த மனிதர்கள். ஒருவருக்குக் கசட் வந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அறையில் உள்ள எல்லாரும் சுற்றி இருந்து கேட்பார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை சூறா ஓதினாலும் எல்லாருக்கும் கண் கலங்கும். எட்டுப் பேர் இருந்த அறையில், ஆதம்பாவா மாமாவும் காலை மடக்கி இருந்து கேட்டுக்கொண்டிருக்க, என் குரல் அந்தப் பட்டியலை வாசித்திருக்கிறது.

இதை வாப்பா எனக்குச் சொன்னது நான் கலியாணம் முடித்த பிறகுதான். "அவர் கடைசி வரைக்கும் கேட்டார். எழும்பிப் போய்த் தொழுறதுக்கு ஒளுச் செஞ்சார்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் கதைப்பது குறைந்து, வாப்பா ரியாத்துக்கு மாறிப் போனார். மூடியில் இருந்த அத்தனையும் பெட்டிக்குள் இருக்கிறது என்றுதான் வாப்பாவும் நினைத்து வாங்கியிருந்தார்.

சப்பாத்துப் பெட்டி ஸ்டேசன்

பெரியவர்கள் இப்படி இருக்க, ஜெஸீமா தினமும் அசர்த் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அவளுடைய வாப்பா கள்ளன், அவள் என் சினேகிதி. ஒன்பது வயதில் இரண்டும் ஒரே மனதில் பேசாமல் இருந்தன.

இல்லாத ஸ்டேசனை நாங்களே கட்டினோம். ஒரு சப்பாத்துப் பெட்டி, சவர்க்கார உறை, தீப்பெட்டி, பசைக்குக் கோதுமை மாக் கூழ். பெயர்ப்பலகையில் மூன்று மொழியிலும் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் ஜெஸீமா. பஸ்ஸின் முன் பலகையைப் பார்த்துச் சிங்கள எழுத்தை வரைந்து பழகி, 'கல்முனை' என்று எழுதினாள். அதற்கு முன் கோச்சி வெறும் வட்டம் சுற்றியது. அதற்குப் பிறகு அது எங்கள் ஊருக்கு வந்து நின்றது. என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலைகளில் அந்த ஸ்டேசனும் ஒன்று.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. ஆதம்பாவா மாமா மறுபடி லீவில் வந்து போனார். அவர் போன கிழமையிலிருந்து ஜெஸீமா வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் வேறு வாங்கில் மாறி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அதற்குள் ஆதம்பாவா மாமாவுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆணைக் காண்பது கஷ்டம், ஆனால் இது என் பட்டியலில் பிறந்தது. 'ஸ்டேசன் மாஸ்டர்'. ஒழுங்கை முழுக்க அதுதான். ஒருமுறை அரசாங்கக் காரியாலயத்திலிருந்து வந்த ஒருவர், மாமா ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்றே நம்பி மரியாதையாகக் கதைத்துவிட்டுப் போனாராம். எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெயர்தான் ஜெஸீமாவை என்னிடமிருந்து பிரித்தது என்று நாற்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாட்டின் காலடியில்

இந்த வருடம் எனக்கு ஹஜ்ஜுக்கு நாட்டம் வந்திருக்கிறது. போகிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் போய் மாப்புக் கேட்க வேண்டும், அதாவது செய்த பிழைகளுக்கு மன்னிப்பு. நல்ல வழக்கம்தான். ஆனால் நாங்கள் அதையும் மொத்த வியாபாரமாக்கி வைத்திருக்கிறோம். "ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப்புத் தாங்க" என்று வாசலில் நின்று கேட்பது, "அல்லாஹ் மன்னிப்பான், எங்களுக்கும் துஆச் செய்ங்க" என்று பதில் வருவது, பிறகு தேத்தண்ணி. எந்தப் பிழை என்று யாரும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை.

ஹஜ் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடியபோது அந்த மூடி கையில் வந்தது. உம்மா மௌத்தாகும் வரை காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும் அதில்தான் போட்டு வைத்திருந்தார். எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் சுனாமியில் கடல் வந்த நாளில் தப்பியது. கோச்சி போன இடம் தெரியாது. மூடி மட்டும் மிச்சம்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மாடுகளின் காலடியில், புல்லோடு புல்லாக, எறும்பளவில் ஒரு வரி. ஏதோ ஐரோப்பிய மொழி. சின்ன வயதில் அதைப் புல் என்றே நினைத்திருக்கிறேன். இப்போது போனின் கமராவைப் பிடித்தால் எந்த மொழியையும் மாற்றித் தருகிறதே என்று, சும்மா ஒரு ஆவலில் பிடித்தேன்.

'படத்திலுள்ள கட்டடங்கள், மரங்கள், உருவங்கள் இப்பெட்டியில் அடங்கா. தனியாக வாங்க வேண்டும்.'

நாற்பது வருடமாக அந்த வரி எங்கள் வீட்டில், எங்கள் அலுமாரியில், எங்கள் காணி உறுதிக்குக் கீழேயே இருந்திருக்கிறது.

அன்று பின்னேரம் முழுவதும் போனும் கையுமாக இருந்தேன். உலகம் முழுவதும் இந்தப் பழைய கோச்சிச் சாமான்களுக்குப் பைத்தியமான ஆட்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் என்னைவிட வயதான ஆண்கள். அந்தக் காலத்து விலைப்பட்டியல் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். என்மீதே எனக்கிருந்த கோபத்தையும் மறந்து பார்த்துக்கொண்டே போனேன். பயணிகள் ஆறு பேர் ஒரு பாக்கெட்டில் விற்பனைக்கு. மரம் பன்னிரண்டு ஒரு பாக்கெட்டில். புல்லுக்குப் பச்சைத் தூள். தந்திக் கம்பம், பால் கேன், ஸ்டேசன் வாங்கில் உறங்குகிற கிழவர். குடை பிடித்த பெண்ணும் இருந்தாள்! அவளுக்கென்று ஒரு இலக்கம் இருந்தது. ஓட்டுக்கூரையும் மணிக்கூடும் உள்ள அந்த ஸ்டேசனுக்கும் தனி இலக்கம், தனிப் பெட்டி.

இன்னொரு பக்கத்தில் எங்கள் பெட்டியைத் திறந்து காட்டியிருந்தார்கள். ரெஜிபோம் அச்சில் எல்லாக் குழியும் நிரம்பியிருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, ஒரு குழியும் வெறுமையாக இருக்கவில்லை. மரங்களைப் பதினான்கு என்று எண்ணத் தெரிந்த எனக்குக் குழிகளைப் பார்க்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பாலமுனை

கடல் வந்தபோது ஆதம்பாவா மாமாவின் வீடு அத்திவாரத்தோடு போனது. உயிர்கள் தப்பின. இப்போது பாலமுனையில் ஜெஸீமாவோடு இருக்கிறார் என்று விசாரித்து அறிந்தேன். மூடியின் படத்தையும் புத்தகப் பக்கத்தையும் கடையில் அச்சடித்து, அந்த வரியின் தமிழைக் கீழே பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன். அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறி, ஒலுவில் தாண்டி இறங்கினேன்.

கதவைத் திறந்தவள் ஜெஸீமா. தலைமுடி என்னைப் போலவே நரைத்திருந்தது. ஒரு நிமிசம் பார்த்தாள். அதே போலத் தலையைக் குனிந்துகொண்டு, "வாங்க, இரிங்க" என்றாள்.

உள்ளே சாய்வு கதிரையில் மாமா. எண்பதைத் தாண்டியவர், மெலிந்துபோயிருந்தார். "ஆரு புள்ள வந்திரிக்கா?" என்று கேட்டார்.

"தம்மாம்ல ஒங்களோட இரிந்த தமீம் மாமாட மகள் வாப்பா. நம்மட பழைய ஒழுங்கை" என்று சொல்லிவிட்டு ஜெஸீமா குசினிக்குப் போனாள்.

"ஹஜ்ஜுக்குப் போறன் மாமா. மாப்புக் கேக்க வந்திரிக்கன்."

"மாஷா அல்லாஹ். எல்லாம் மாப்புத்தான் மகள். எனக்கும் துஆச் செய்ங்க."

"அப்பிடி இல்ல மாமா. இது பேர் சொல்லிக் கேக்க வேண்டிய விசயம். அந்தக் கோச்சிப் பொட்டி. அந்தக் கசட்டில கதைச்சது நான்தான்."

"தெரியும்" என்றார். "ஒங்கட குரல் நல்ல தெளிவு. மரம் பதினாலு எண்டு சொன்னீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடதாசிகளை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "மாமா, ஸ்டேசன் அந்தப் பொட்டிக்குள்ள இருக்கவே இல்ல. அது வேறயா விக்கிற சாமான். இந்தா, பொட்டியிலயே எழுதிரிக்கி. எங்களுக்கு வாசிக்கத் தெரியல்ல."

"எனக்குத் தெரியும் மகள்."

"எப்பிடி மாமா?"

"அந்தக் கசட்டுக்குப் பொறவு தம்மாம்ல கடை கடையாத் தேடின. ஒரு யெமன் நாட்டுக்காரண்ட கடையில இரிந்திச்சி. அவந்தான் சொன்னான், இது வேற, அது வேறயெண்டு. ஒங்கட வாப்பாக்கிட்டச் சொல்ல, அவர் ரியாத்துக்குப் போயிட்டார். சரி, புள்ளைக்குக் குடுப்பமே எண்டு அந்த ஸ்டேசன வாங்கிக் கொண்டந்த."

"எங்கட ஊட்டுக்கு அது வரல்லயே மாமா" என்றேன்.

"கட்டுநாயக்கவில இருந்து வேன்ல வரக்குள்ளதான் யோசின வந்திச்சி. இப்பக் கொண்டு போய்க் குடுத்தா என்ன சொல்லுவாங்க? எடுத்தவன் பயத்தில திருப்பித் தாறான் எண்டுதானே? மறுகா அத அலுமாரிக்கு மேல போட்டன். எறிய மனம் வரல்ல, குடுக்கவும் ஏலா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கடல் வந்து ஊட்டக் கொண்டு போனதுக்கு அழுதன். அந்தப் பொட்டி போனதுக்கு மட்டும் நிம்மதி மகள். நான் மௌத்தாப் போன பொறவு எண்ட புள்ளையள் அதக் கண்டெடுத்தா, வாப்பா கள்ளன்தான் எண்டு நெனச்சிருங்களே."

கதவுத் திரைக்குப் பக்கத்தில் சத்தம் கேட்டது. ஜெஸீமா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். தட்டை நிலத்தில் வைத்துவிட்டு, வாப்பாவின் காலடியில் வந்து இருந்தாள்.

"வாப்பா, எனக்கும் மாப்புத் தாங்க."

"ஒனக்கென்னத்துக்கு?"

"நான் அதப் பாத்த. நீங்க திரும்பிப் போன அண்டைக்கு. கதிரையில ஏறிப் பாத்த. அதே மணிக்கூடு, அதே ஓடு. நான் நெனச்சன்..." என் பக்கம் திரும்பினாள். "ஒங்கட ஊட்டில இருந்து சப்பாத்துப் பொட்டியில ஸ்டேசன் கட்டினனே. எங்கட ஊட்டில அது இரிக்கக்குள்ள. எந்த மூஞ்சோட வாற?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் என்னோடு கோபித்துக்கொண்டு போனவள் இல்லை. நாற்பது வருடமாகத் தன் வாப்பாவுக்காக வெட்கப்பட்டுக்கொண்டு, அந்த வாப்பாவுக்கே சோறு ஆக்கிப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். ஊர் முழுக்க ஒரு பட்டப்பெயரோடு நிறுத்திக்கொண்டது. என் பட்டியல் இவளுடைய வீட்டுக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது.

மாமா மகளின் தலையில் கை வைத்தார்.

"ஏன் புள்ள என்னட்டக் கேக்கல்ல?" என்றார். பிறகு என்னையும் பார்த்தார். "நீங்களும் கேக்கல்ல. ஒங்கட உம்மாவும் கேக்கல்ல. ஆராவது ஒராள் கேட்டிரிந்தாச் சொல்லியிரிப்பன்தானே."

தேத்தண்ணி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

மடியில் கிடந்த கடதாசியை எடுத்து ஜெஸீமாவிடம் நீட்டினார். "எனக்குக் கண் தெரியா. இதில என்ன எழுதிரிக்கி? வாசி."

அவள் வாசித்தாள். முணுமுணுப்பாகத்தான் வந்தது.

"சத்தமா வாசி மகள்" என்றார் ஆதம்பாவா மாமா. "பக்கத்து ஊட்டுக்கும் கேக்கட்டும்."

ஜெஸீமா எழும்பி நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து வாசித்தாள்.